பதம் வந்தால் இறக்குங்கோ

மூதூரிலிருந்து குடாவைக் கடந்து சனம் ஏற்றிவருகிற லோஞ்ச் பன்னிரண்டு மணிக்குத் துறைக்கு வரவேண்டும். பன்னிரண்டே காலாகியும் வரவில்லை.

நான் இறங்குதுறையின் கடைசிப் பலகையில் நின்றேன். கையில் பன்புல்லில் பின்னிய ஒரு பை. பைக்குள் ஒரு போத்தல். போத்தலுக்குள் நான் சமைத்த எஞ்சின் எண்ணெய். அதன் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஜெலி படிந்திருந்தது.

அதே எண்ணெய்தான் அப்போது அந்த லோஞ்சின் எஞ்சினுக்குள்ளும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் அருளப்பு இருந்தார். லோஞ்சுக்கு எஞ்சின் றைவர் அவர்தான்.

வாடைக்காலம். கடல் சாம்பல் நிறமாகக் கிடந்தது. துறையின் கம்பங்களில் தண்ணீர் அடித்த அடியில் பலகை இடைவெளிகளால் தெறித்து என் சேலைக்கரை நனைந்துபோயிற்று. ரிக்கற் கொடுக்கிற மனிசன் ஜன்னலால் தலையை நீட்டினார்.

“என்ன பிள்ளை, ஆரும் வருகினமோ?”

“ஓம், வீட்டுக்காரர்.”

“வரும் வரும். இந்தக் காத்துக்குக் கொஞ்சம் சுணங்கும். இஞ்சாலை வந்து நில்லுமன்.”

என்னால் அசைய ஏலவில்லை. போத்தலைக் காட்டி, “ஐயா, நான் செய்த வேலையாலை அந்த லோஞ்ச் நடுக்கடலிலை நிக்கப்போகுது” என்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. சும்மா நேரத்தில் என் வாய்க்குப் பூட்டே கிடையாது. அன்றைக்கென்று பார்த்து வாய் திறக்கவில்லை.

எண்ணெயில் என்ன சமையல்?

சீனன்குடாவில் நான் எண்ணெய் சமைத்தேன் என்று போன கிழமை இந்தப் பத்தியில் ஒரு வரி எழுதப்போக, ஒரு வாசகர் கடிதம் போட்டுவிட்டார்: “அம்மா, நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா?” ஐயா, இரண்டும் இல்லை. சொல்கிறேன், பொறுங்கள்.

எஞ்சினுக்கு ஊற்றுகிற எண்ணெய் சூடேறினால் இளகித் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். தண்ணீரானால் இரும்போடு இரும்பு உரசும். அதைத் தடுக்க எண்ணெயோடு ஒரு மருந்து கலப்பார்கள். அந்த மருந்து பீப்பாக்களில் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு காலம் வந்தது. பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்கு வரிசை. கப்பலில் ஒரு சாமானும் வராத அந்த நாட்களில் எங்கள் மருந்துப் பீப்பாவும் நின்றுபோயிற்று.

எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கலவைக் கொட்டகை. அதை ஒட்டி ஒரு சின்னச் சோதனை அறை. அங்கே நான் உதவியாளர். பாலையூற்றிலிருந்து பஸ்ஸில் போய், கேற்றில் பாஸ் காட்டி, பெயர் எழுதி, அரை மைல் நடந்தால் வேலைத்தலம் வரும். எங்கள் கெமிஸ்ட் பரராசசிங்கம் சேர். கதைக்க முதல் கண்ணாடியைத் துடைப்பார். கதைத்து முடிந்த பிறகும் துடைப்பார்.

ஒருநாள் அவர் துடைத்துவிட்டுச் சொன்னார்: “ரெஜீனா, மருந்தை நாங்களே செய்வம்.”

“எதிலையிருந்து சேர்?”

“பிளேன் யன்னலிலையிருந்து.”

மனிசனுக்கு வெயில் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

உண்மையாகத்தான் சொன்னார். விமானத் திடலின் ஓரத்தில் உலக யுத்தகாலத்துப் பழைய விமானங்களின் ஜன்னல்கள் குவிந்து கிடந்தன. பார்த்தால் கண்ணாடி, தட்டினால் பிளாஸ்ரிக். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி அந்தக் குவியலைக் கேட்டு வாங்கினார். துண்டுதுண்டாக உடைத்து, மூடிய பாத்திரத்தில் காய்ச்சினால், மூக்கைத் துளைக்கிற மணத்தோடு ஒரு திரவம் வடியும். அந்த மணம் சேலையில் ஏறினால் மூன்று தோய்ச்சலுக்கும் போகாது. அருளப்பு முதல் நாள் மணந்துவிட்டு, “ரெஜீ, இண்டைக்கு ஆற்றை பல்லைக் கட்டினனீர்?” என்று கேட்டார். பல் வைத்தியரின் அறையும் அப்படித்தானே மணக்கும்.

கொழும்பில் சவர்க்காரம் செய்கிற ஓர் இடத்திலிருந்து, தேங்காயெண்ணெயில் எடுத்த மெழுகுபோன்ற ஒரு மதுசாரம் வரும், குடிக்கிற சாமான் இல்லை. இரண்டையும் முதலில் காய்ச்சிப் பொருத்தவேண்டும். பிறகு, வெளிர் எண்ணெய் விட்ட, சுவர்களுக்கு நடுவில் நீராவி ஓடுகிற இரட்டைச் சுவர்க் கிடாரத்தில் அதை ஊற்றி, ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் போட்டு, இளஞ்சூட்டில் கிண்டவேண்டும். அப்போது கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் துணிக்கைகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட நூலாகும். குளிரில் அந்த நூல் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெயைத் தண்ணீராகவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

கிளையும் வலையும்

வெறும் நூலோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எஞ்சினின் பல்லுச் சில்லுகளுக்குள் போன நூல் நறுக்நறுக்கென்று அறுந்தது. ஒரு கிழமையில் எண்ணெய் மறுபடி தண்ணீர். சேர் சொன்னார், நூல் போதாது, கிளை வேண்டும், ஒரு முடிச்சிலிருந்து நாலைந்து கை விரிந்த உரு என்றால் லேசில் அறாது என்று. கிளை வைப்பதற்கு, இரண்டு பக்கமும் கொளுக்கி உள்ள இன்னொரு திரவத்தைச் சொட்டுக்கணக்கில் சேர்க்கவேண்டும். சர்வகலாசாலையில் வேலை செய்த தன் கூட்டாளியிடம் கெஞ்சி அதில் ஒரு சின்னப் போத்தல் வாங்கிக்கொண்டு வந்தார்.

இதில்தான் ஆபத்து. நேரத்துக்கு நிறுத்தினால் கிளை. நிறுத்தாமல் விட்டால் கிளையோடு கிளை கொளுவி, கிடாரம் முழுக்க ஒரே வலையாகிவிடும். வலையானது எண்ணெயில் கரையாது, ஜெலியாகத் திரளும். அந்த ஜெலி எஞ்சினுக்குப் போனால் வடிகட்டியை அடைக்கும். வடிகட்டி அடைத்தால் எண்ணெய் ஓடாது. எண்ணெய் ஓடாத எஞ்சின் இறுகிச் செத்துப்போகும்.

சரி, எப்போது நிறுத்துவது? பிசுக்கை அளக்கிற கண்ணாடிக் குழாய் சோதனை அறையில் இருந்தது. எடுத்துக்கொண்டுபோய், ஆறவைத்து, அளந்து முடிக்கிறதுக்குள் கிடாரம் வலையாகிவிடாதா? சேர் ஒரு வழி கண்டுபிடித்தார். கண்ணாடிக் கோலைத் தோய்த்துத் தூக்கும்போது ஒரு மெல்லிய இழை இழுபட்டால், அதுதான் கணக்கு. உடனே நீராவியைப் பூட்டி, குளிர்ந்த எண்ணெயை ஊற்றி, கிடாரத்தை ஆற்றவேண்டும்.

நான் அதற்குப் பதம் என்று பெயர் வைத்தேன். எங்கள் வீட்டில் நத்தார்ப் பெருநாளுக்குப் பயற்றம் பணியாரம் செய்ய அம்மா சீனிப்பாகு காய்ச்சுவா. கரண்டியைத் தூக்கினால் ஒரு கம்பி இழுபடவேண்டும், அதுதான் பதம். சேருக்கும் அந்தச் சொல் பிடித்துக்கொண்டது. ஆறு முறை செய்தோம். ஆறு முறையும் நானே பக்கத்தில் நின்று, இழை கண்டவுடன் “பதம்!” என்று கத்தினேன். ஏழாவது முறை நான் பக்கத்தில் நிற்கவில்லை.

ஏழாவது கிடாரம்

அந்த ஏழாவது கிடாரத்தில் நிறையத் தங்கியிருந்தது. லோஞ்சுக்கு நல்ல எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின் புகைந்துகொண்டிருந்தது. எங்கள் எண்ணெயை அதில் ஊற்றிப் பார்ப்பதென்று மேலிடத்தில் சம்மதம் வாங்கியாயிற்று. இது சரிவராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். சேர் அந்த விஷயமாகவே கொழும்புக்குப் போயிருந்தார். போகும்போது, “என்ரை இடத்திலை நீர் கையெழுத்து வையும், ரெஜீனா” என்றார். எனக்குத் தலை வானத்தில் முட்டிற்று.

கிடாரத்தைக் கிண்டுகிறவர் மஜீது காக்கா, கிண்ணியாக்காரர். காக்கா என்றால் அங்கே அண்ணன். துடுப்பைப் பிடித்தால் மூன்று மணித்தியாலம் கை மாற்றமாட்டார்.

புகைச்சலால் லோஞ்ச் அன்றைக்கு ஓடவில்லை. பதினொரு மணிபோலக் கேற்றிலிருந்து ஆள் வந்தது: உங்கள் வீட்டுக்காரர் வந்து நிற்கிறார், பீப்பாவுக்கான கடதாசியில் நீங்கள் வந்து ஒப்பம் வைக்கவேண்டுமாம். தடைசெய்த பகுதி, அவரை உள்ளே விடமாட்டார்கள். கோலைத் தோய்த்துப் பார்த்தேன். தண்ணீராக வடிந்தது. இன்னும் ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்று நினைத்தேன்.

“காக்கா, ஓடிப்போட்டு வாறன். அதுக்குள்ளை பதம் வந்தால் இறக்குங்கோ.”

“நீங்க போய் வாங்க தங்கச்சி. பதம் எனக்குத் தெரியாதா?”

கேற்றுக்குப் போனால், காவல்காரன் என் பாஸைக் கேட்கிறான். பாஸ் சோதனை அறையில். தினமும் என் முகத்தைப் பார்க்கிற எருமை, அன்றைக்குத்தான் சட்டம் படித்திருக்கிறான். சண்டை பிடித்து, திரும்பி நடந்து, பாஸை எடுத்து, மறுபடி நடந்து, ஒப்பம் வைத்து வர ஒன்றேகால் மணித்தியாலம்.

கொட்டகைக்குள் கால் வைத்தேன். மஜீது காக்கா வியர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீராவி பூட்டியிருந்தது. குளிர்ந்த எண்ணெயும் ஊற்றியிருந்தார்.

“சரியான பதத்தில இறக்கிட்டன் தங்கச்சி.”

எட்டிப் பார்த்தேன். கிடாரத்தின் சுவரை விட்டுக் கழன்று, நடுவில் ஒரு கட்டி பளபளவென்று உருண்டு கிடந்தது. சுற்றிவர எண்ணெய் கக்கியிருந்தது.

“ஐயோ காக்கா! என்ன செய்துவைச்சிருக்கிறியள்? இதுவோ பதம்?”

மனிசனின் சிரிப்பு அப்படியே நின்றது. “சட்டிய விட்டுக் கழரணும், எண்ண கக்கணும். அதுதானே பதம்? பெருநாளைக்கி நாங்க தொதல் கிண்டினா இதுதான் பதம். எந்தப் பதம் எண்டு நீங்க சொல்லல்லையே, தங்கச்சி!”

நான் சொன்னது பாகுப் பதம். அவர் விளங்கினது, அல்வா மாதிரிக் கட்டியாகக் கிண்டுகிற தொதலின் பதம். நான் கோலோடு குனியும்போதெல்லாம் அவர் துடுப்போடு விலகி நிற்பார், எதைக் கண்டு கத்துகிறேன் என்று பார்த்ததில்லை. ஆறு முறை ஒரே கொட்டகைக்குள் நின்றும், அந்தச் சொல்லுக்குள் இரண்டு சட்டி இருந்தது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு கையெழுத்து

இதுவரைக்கும் நடந்தது பிழை. இனி நான் செய்தது களவு.

கட்டியை எடுத்து எறிந்தேன். கக்கியிருந்த எண்ணெயை மல்துணியில் இரண்டுதரம் வடித்தேன். தெளிவாக இருந்தது. எஞ்சின் எண்ணெயோடு கணக்குப்படி கலந்து கண்ணாடிக் குழாயில் விட்டு நேரம் பிடித்தேன். குளிரிலும் சரி, சூட்டிலும் சரி, ஆறு முறையும் வராத அருமையான கணக்கு வந்தது. எனக்குக் கண் தெரியாமல்போன இடம் அதுதான்.

சேர் ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு போத்தலை ஐஸ் பெட்டியில் இரவு முழுக்க வைத்து, காலையில் பார்த்த பிறகே கையெழுத்து. போத்தலை வைத்தேன். காலைவரை பொறுக்கவில்லை. பொறுத்திருந்து, காலையில் அது பிழைத்திருந்தால், கொழும்பிலிருந்து வருகிற சேருக்கு, “கொட்டகையைப் பூட்டுங்கோ” என்று நானே சொல்லவேண்டி வந்திருக்கும். அதுவும் என் கைப்பொறுப்பில் நடந்த முதல் கிடாரம்!

“தங்கச்சி, இது சரிவருமா?” என்று மஜீது காக்கா மெல்லக் கேட்டார்.

“நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ!”

பீப்பாவில் கடதாசி ஒட்டி, ‘சோதித்தது’ என்று எழுதி, ரெஜீனா என்று ஒப்பம் வைத்தேன். பின்னேரம் அருளப்பு கேற்றில் வந்து ஏற்றினார். ஏற்றமுதல் அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பார்க்கிறியள்?”

“ஒண்டுமில்லை. நல்ல ஒயிலோ?”

“முதல்தரம்.”

போத்தல்

மறுநாள் காலை ஐஸ் பெட்டியைத் திறந்தேன். போத்தலின் அடியில் நுங்கு மாதிரி ஜெலி. சூட்டில் கரையும், கரையும் என்று சொல்லிக்கொண்டு வெந்நீரில் வைத்தேன். கரையவில்லை. வடிதாளில் விட்டேன். ஐந்து சொட்டு விழுந்தது. ஆறாவது சொட்டு விழவேயில்லை.

துறைமுகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். லோஞ்ச் ஏழு மணிக்கே போய்விட்டதாம். மூதூருக்கு எடுத்தேன். மழைக்கு லைன் விழுந்துவிட்டதாம். லோஞ்ச் அங்கே மூன்று மணித்தியாலம் ஆறிக்கிடக்கும். ஆறின எண்ணெயில் ஜெலி திரளும். பதினொரு மணிக்கு, சனத்தை ஏற்றிக்கொண்டு வெளிக்கிடும். கொட்டியாரக் குடாவின் நடுவில் வடிகட்டி அடைக்கும்.

பஸ் வர இன்னும் ஒரு மணித்தியாலம். மஜீது காக்கா தன் சைக்கிளைக் கொண்டுவந்து நீட்டினார். ஆண்பிள்ளைச் சைக்கிள், நடுவில் பார். சேலையை வரிந்து செருகிக்கொண்டு ஏறினேன். எதிர்காற்று, மழைத்தூறல், தெருவெல்லாம் வாய் பார்க்கிற சனம். பார்க்கட்டும் என்று மிதித்தேன்.

மறுபடி துறையில்

ஒரு மணி. லோஞ்ச் இல்லை. ஒன்றரை. இல்லை. ரிக்கற் மனிசன் இப்போது “வரும்” என்று சொல்வதை நிறுத்திவிட்டு வெளியே வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். துறையில் இன்னும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். பேறுகாலத்துக்கு மூதூரிலிருந்து வருகிற மகளுக்காக ஒரு தாய், துவாயை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் தோளோடு தோளாக நின்றா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவேயில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் செபம் மட்டும் சொல்லவில்லை. ‘மஜீது காக்கா கெடுத்துப்போட்டார் சேர்’ என்ற வசனத்தையும் மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு விதமும் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடதாசியில் இருந்தது அவருடைய பெயர் இல்லையே.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முந்தி, முனைக்கு அப்பால் கரும்புகை தெரிந்தது. லோஞ்ச் ஆமை மாதிரி ஊர்ந்து வந்தது. துறையில் அணைந்ததும் அலையில் சத்தி எடுத்து வெளிறின முகங்களோடு சனம் இறங்கிற்று. வயிற்றுப்பிள்ளைக்காரியும் இறங்கினாள். தாய் அவளைக் கட்டிப்பிடித்துக் குழறினா. அதற்குப் பிறகுதான் நான் அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தேன்.

அருளப்பு கடைசியாக வந்தார். முழங்கைவரை கறுப்பு. என்னைக் கண்டதும், நனைந்த சேலையைப் பார்த்தார், கையிலிருந்த போத்தலைப் பார்த்தார்.

“பாதிக் கடலிலை ஒயில் காட்டுற மீற்றரிலை முள்ளு கீழை விழுந்துது. உடனை எஞ்சினை நிப்பாட்டினனான். வடிகட்டியைக் கழட்டினால் உள்ளுக்கு ஒரே கூழ். அலையிலை அவ்வளவு சனமும் கத்துது. புதுசை முழுக்க இறக்கி, மண்ணெண்ணெயிலை கழுவி, பழைய ஒயிலை விட்டு வெளிக்கிடுத்தினன்.”

“பழைய ஒயிலோ? அதைத்தான் காலமை இறக்கியிருப்பியளே. ஊத்திப்போடேல்லையோ?”

“ரின்னுக்கை வைச்சிருந்தனான்.”

எனக்கு அந்த நிலைமையிலும் சுரீரென்றது. “அப்ப என்னை நம்பேல்லை!”

அவர் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“நம்பாமல் ஊத்துவனோ, ரெஜீ? நீர் முதல்தரம் எண்டனீர், ஊத்தினனான். ஆனால் உம்மடை ஒப்பத்திலை ‘ஜீ’ எப்பவும் மேலை இருக்கிற சுழியைக் கொம்பு மாதிரி உயர்த்திக்கொண்டு நிக்கும். அந்தக் கடதாசியிலை அது கூனிக்கொண்டு நிண்டுது. அதுதான் பழசை வைச்சிருந்தனான்.”

துறை முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, நான் அழுதேன்.

எட்டாவது கிடாரம்

அடுத்த நாள் சேர் வந்தார். போத்தலை மேசையில் வைத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். துடைத்த கண்ணாடியை மறுபடி போட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. “ஆற்றை பிழை?” என்று கேட்டார். “பதம் எண்டு மொட்டையாச் சொன்னதும் நான், காலைவரை பொறுக்காததும் நான்” என்றேன். வாசலில் நின்ற மஜீது காக்கா, “எனக்கும் கேக்கத் தோணல்ல சேர்” என்றார்.

இது பிழைத்தாலும் இன்னும் ஒரே ஒரு கிடாரம் வைத்துப் பார்க்கலாம் என்று சேர் கொழும்பில் கெஞ்சிச் சம்மதம் வாங்கி வந்திருந்தார். சேர் அன்றோடு அந்தக் கொட்டகையில் ‘பதம்’ என்ற சொல்லைத் தடைசெய்தார். ‘ஒற்றை இழை’ என்று பலகையில் எழுதி, பக்கத்தில் கோலும் இழையும் கீறி வைத்தார். மூன்று மாதம் எனக்குக் கையெழுத்து உரிமை இல்லை. சோதிப்பது நான், ஒப்பம் அவர்.

எட்டாவது கிடாரத்தில் மஜீது காக்காதான் இழையை முதலில் கண்டு கத்தினார். போத்தலை இரவு முழுக்க ஐஸில் வைத்தோம். காலையில் கண்ணீர் மாதிரித் தெளிவு. வடிதாளில் விட்டேன், கடைசிச் சொட்டுவரை இறங்கிற்று. சேர் தன் ஒப்பத்தை வைத்துவிட்டு, எதையோ யோசித்தவர்போல, பேனையை என் பக்கம் தள்ளினார். “கீழை உம்மடை பேரையும் எழுதும். அருளப்பர் அதைத்தானே பார்ப்பார்.”

பின்னேரம் கேற்றில் அருளப்பு குனிந்து கடதாசியைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

“ம். கொம்பு நிமிந்துதான் நிக்குது. அப்ப பழசைக் கொட்டட்டோ?”

‘ஓம்’ என்று சொல்ல வாய் எடுத்தேன். அளந்து பார்த்திருக்கிறேன், வடித்துப் பார்த்திருக்கிறேன், ஐஸில் வைத்தும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கடலில் பார்க்கவில்லையே.

“இருக்கட்டும்,” என்றேன். “மூதூர் போய் வந்து கொட்டுங்கோ.”

அவர் பல் தெரியச் சிரித்தார். பிறகு பீப்பாவை ஏற்றினார்.